‘பன்றிக்காய்ச்சல்’ ஒரு பெயர், பல நோய்கள்: பண்ணைப் பன்றிகளிடமிருந்து மனிதருக்கு உண்மையில் பரவுவது எது?

ஐரோலி (நவி மும்பை): தமிழ்ச் செய்திகளில் ‘பன்றிக்காய்ச்சல்’ என்ற ஒரே சொல் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்களைக் குறிக்கப் பயன்படுகிறது. 2009ஆம் ஆண்டு புனேவையும் மும்பையையும் முகக்கவசம் அணிய வைத்த எச்1என்1 இன்ஃப்ளூயன்சா முதலாவது. 2020ஆம் ஆண்டு அசாமில் கண்டறியப்பட்டு, 2023 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் முதுமலையில் காட்டுப்பன்றிகளின் இறப்புக்குக் காரணமான ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இரண்டாவது. இந்தியப் பண்ணைகளில் நெடுங்காலமாகத் தலைகாட்டி வரும், தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய பழைய பன்றிக்காய்ச்சல் மூன்றாவது.

இவற்றில் பின்னிரண்டும் பன்றிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்பவை. ஆனால் அவை மனிதரைத் தொற்றுவதில்லை. முதலாவது மனிதரைத் தாக்கியது. ஆனால் அது நாடெங்கும் பரவியது மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான், பன்றிகளிடமிருந்து அல்ல.

மறுபுறம், வளர்ப்புப் பன்றிகள் வழியாக மனித உயிர்களைப் பறித்த இரு பெரும் நோய்களின் பெயரில் பன்றி என்ற சொல்லே இல்லை. ஒன்று நிபா. மற்றொன்று ஜப்பானிய மூளைக்காய்ச்சல். முன்னது மலேசியாவில் முதன்முதலாக வெளிப்பட்டபோது, பன்றிப் பண்ணைகளில் கூலிவேலை செய்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்களும் அதற்கு இரையாயினர். பின்னது இந்தியாவில் முதன்முதலாக மனிதரிடம் அறியப்பட்ட இடம் தமிழ்நாட்டின் வேலூர்.

பெயர்க் குழப்பம் வெறும் சொற்சிக்கல் அன்று. நோயைத் தவறாக அடையாளம் காணும்போது தடுப்பு நடவடிக்கையும் தவறாகவே அமைகிறது என்பதைக் கடந்த கால் நூற்றாண்டின் அனுபவம் காட்டுகிறது.

பன்றியின் பங்கு ஒரே மாதிரியானது அல்ல

விலங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் வைரஸ் தொற்றுகளில் பன்றி வகிக்கும் பாத்திரம் நோய்க்கு நோய் மாறுபடுகிறது.

நிபாவில் பன்றி ஒரு பாலம். வௌவாலின் உடலில் தீங்கின்றி வாழும் வைரஸ் பன்றிக்குள் புகுந்து, அங்கிருந்து பண்ணையாளரை அடைகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி ஒரு பெருக்கி. பறவையிடமிருந்து கொசு கொண்டுவரும் வைரஸ் பன்றியின் இரத்தத்தில் பன்மடங்காகப் பெருகி, மீண்டும் கொசு வழியாகவே மனிதரை அடைகிறது. இன்ஃப்ளூயன்சாவில் பன்றி ஒரு கலவைக் கலம். பறவை, மனிதர், பன்றி ஆகிய மூன்று தரப்பு வைரஸ்களும் அதன் உடலில் சந்தித்துப் புதிய வைரஸ் ஒன்று உருவாக வாய்ப்பு ஏற்படுகிறது.

நிபாவைத் தடுக்கப் பண்ணையின் மரங்களையும் தொழிலாளியின் கையுறையையும் கவனிக்க வேண்டும். மூளைக்காய்ச்சலைத் தடுக்கக் கொசுவையும் தடுப்பூசியையும் கவனிக்க வேண்டும். இன்ஃப்ளூயன்சாவுக்குத் தொடர்ச்சியான ஆய்வகக் கண்காணிப்பு தேவை. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. மலேசியாவில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று.

பேராக்கில் தொடங்கிய காய்ச்சல்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. தலைவலி, மயக்கம், நினைவிழப்பு என நோய் முற்றிச் சிலர் உயிரிழந்தனர். மூளைக்காய்ச்சல், பன்றிப் பண்ணை ஆகிய இரண்டும் சேர்ந்தவுடன், அப்பகுதியில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அதிகாரிகள் முடிவு செய்தனர். சில நோயாளிகளின் இரத்தப் பரிசோதனையும் அந்த முடிவுக்கு இசைவாக அமைந்தது.

அதன்படி ஊரெங்கும் கொசுமருந்துப் புகை அடிக்கப்பட்டது. மக்களுக்கும் பன்றிகளுக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. ஆயினும் நோய் நிற்கவில்லை.

இதற்கிடையே நோய் கண்ட பகுதியிலிருந்து பன்றிகள் வேறிடங்களுக்கு மலிவு விலையில் விற்கப்பட்டன. அவற்றோடு வைரசும் பயணம் செய்தது. 1998 டிசம்பர் தொடங்கி நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிக்காமாட், சுங்கை நிபா, புக்கிட் பெலாண்டோக் பகுதிகளில் நோயாளிகள் தோன்றினர். புக்கிட் பெலாண்டோக் நாட்டின் பெரிய பன்றி வளர்ப்பு மையங்களுள் ஒன்று என்பதால் அங்குப் பாதிப்பு மிகுந்தது. 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். சிங்கப்பூர் உடனடியாக மலேசியப் பன்றி இறக்குமதியை நிறுத்தியது.

கொசு அல்ல என்று காட்டிய தடயங்கள்

ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் இந்த நோய்க்கும் பொருந்தாத பல அடையாளங்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தன.

முதலாவது, நோயாளிகளின் வயது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கோ நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பண்ணையில் நேரடியாகப் பன்றிகளைக் கையாண்ட வயதுவந்த ஆண்கள்.

இரண்டாவது, சமூகம். பண்ணைகளை நடத்திய சீன வம்சாவளியினரும் அங்கு வேலை செய்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்களும் பாதிக்கப்பட்டனர். அதே வட்டாரத்தில் வாழ்ந்த, பன்றியைத் தொடாத மலாய் முஸ்லிம்களிடையே நோய் ஏறக்குறைய இல்லை. கொசு மதம் பார்த்துக் கடிப்பதில்லை. ஆகவே நோய் பரவியது கடியால் அல்ல, தொடர்பால் என்பது புலனாகியது.

மூன்றாவது, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். நான்காவது, பன்றிகளே நோயுற்றன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வளர்ந்த பன்றிகளிடம் பொதுவாக வெளிப்படையான நோயை உண்டாக்குவதில்லை. இப்பண்ணைகளிலோ பன்றிகள் மூச்சுத் திணறி, குரைப்பது போன்ற உரத்த ஒலியுடன் இருமின. சில தாய்ப்பன்றிகள் திடீரென இறந்தன. எனினும் பன்றிகளின் இறப்பு விகிதம் குறைவாகவே இருந்ததால் பண்ணையாளர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடை கிடைத்தது 1999 மார்ச்சில். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வைரஸ் ஆய்வாளர் சுவா காவ் பிங், உயிரிழந்த நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்திலிருந்து ஒரு வைரசைப் பிரித்தெடுத்தார். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசிடம் காணப்படாத செயல் அது. மாதிரிகள் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளிடம் கண்டறியப்பட்ட ஹெண்ட்ரா வைரசுக்கு நெருங்கிய, அதுவரை உலகம் அறியாத புதிய வைரஸ் அது என்பது உறுதியானது. மாதிரி பெறப்பட்ட நோயாளியின் ஊரான சுங்கை நிபாவின் பெயரே வைரசுக்கு இடப்பட்டது.

காரணம் தெரிந்ததும் மலேசிய அரசு ராணுவத்தைக் களமிறக்கிப் பன்றிகளை அழிக்கத் தொடங்கியது. சுமார் 11 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் உயிரிழந்திருந்தனர். உயிர் பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் மீண்டும் வந்தது.

மாமரமும் பன்றிக் கொட்டகையும்

வைரஸ் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை மரக்கிளைகளில் இருந்தது. சுவா காவ் பிங் குழுவினர் தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரிலிருந்தும், அவை கடித்துப் போட்ட பழத்திலிருந்தும் நிபா வைரசைப் பிரித்தெடுத்தனர்.

நோய் தொடங்கியதாகக் கருதப்படும் ஈப்போ வட்டாரப் பெரும்பண்ணையில் பன்றிக் கொட்டகைகளை ஒட்டி மாமரங்களும் வளர்க்கப்பட்டிருந்தன. ஒரே நிலத்தில் இரு வருமானம் என்பது பண்ணையாளரின் கணக்கு. பழுத்த மாங்கனியைத் தேடி வௌவால்கள் வந்தன. அவை எச்சில்படுத்திய பழங்கள் கொட்டகைக்குள் விழுந்தன. பன்றிகள் அவற்றைத் தின்றன. ஆயிரக்கணக்கான பன்றிகள் நெருக்கமாக அடைக்கப்பட்டிருந்த அந்தப் பண்ணையில் புதிய குட்டிகள் இடைவிடாமல் பிறந்துகொண்டிருந்ததால், எதிர்ப்பாற்றல் இல்லாத உடல்கள் வைரசுக்குத் தொடர்ந்து கிடைத்தன.

இதன் விளைவாக வகுக்கப்பட்ட விதி எளிமையானது: பன்றிக் கொட்டகைக்கு அருகில் பழமரம் கூடாது.

இந்தியாவில் இதுவரை அறியப்பட்ட நிபா பரவல்களில் பன்றிக்குப் பங்கிருந்ததாக நிறுவப்படவில்லை. 2001இல் சிலிகுரியிலும், 2018இல் கோழிக்கோட்டிலும் நோய் மருத்துவமனைகளுக்குள் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது. கேரளத்தில் பின்னரும் பலமுறை நோய் தலைகாட்டியது. வௌவால்களே அதன் மூலமாகக் கருதப்படுகின்றன. மலேசிய வைரஸ் மனிதரிடையே பரவுவது அரிது. இந்தியா, வங்கதேசத்தில் காணப்படும் வகை அவ்வாறு பரவக்கூடியது. பன்றியின் வழி இங்கு இதுவரை திறக்கவில்லை என்பது ஆறுதல். ஆனால் பழந்தின்னி வௌவால்களும் பன்றிப் பண்ணைகளும் ஒருசேர இருக்கும் நாட்டில் அந்த வழி அடைபட்டுவிட்டதாகக் கொள்ள முடியாது. நிபாவுக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை.

வேலூரில் அறியப்பட்ட மூளைக்காய்ச்சல்

மலேசியாவில் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல், தமிழ்நாட்டுக்குப் பழைய எதிரி. இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் முதன்முதலாக 1955இல் வேலூரில், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் அறியப்பட்டது. 1973இல் மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் முதல் பெரும் பரவல் ஏற்பட்டது. பின்னர் கடலூர், விழுப்புரம் வட்டாரங்கள் உட்பட நெல் விளையும் பல பகுதிகளில் நோய் நிலைகொண்டது.

இந்த வைரசின் இயற்கை இருப்பிடம் கொக்கு, நாரை இனங்களைச் சேர்ந்த நீர்ப்பறவைகள். நெல்வயலில் தேங்கும் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசுக்கள் பறவையைக் கடித்து வைரசை ஏற்கின்றன. பின்னர் பன்றியைக் கடிக்கின்றன. பன்றியின் இரத்தத்தில் வைரஸ் சில நாட்களுக்கு மிக அதிக அளவில் பெருகுகிறது. அந்நாட்களில் அதைக் கடிக்கும் கொசுக்கள் அனைத்தும் வைரசைச் சுமக்கும் வாய்ப்பைப் பெறுகின்றன. பன்றிக்கோ பெரும்பாலும் நோயின் சாயல்கூட இருப்பதில்லை. சினைப்பன்றிகள் குட்டிகளை இறந்த நிலையில் ஈனுவது மட்டுமே பண்ணையாளருக்குத் தெரியும் அடையாளம்.

மாட்டையும் இதே கொசுக்கள் விரும்பிக் கடிக்கின்றன. ஆனால் மாட்டின் இரத்தத்தில் வைரஸ் போதிய அளவு பெருகுவதில்லை. மனிதரின் இரத்தத்திலும் அவ்வாறே. நோயுற்ற மனிதரைக் கடித்த கொசு மற்றொருவருக்கு நோயைக் கொடுக்க முடியாது. பன்றியைத் தொடுவதாலோ இறைச்சியை உண்பதாலோ இந்நோய் வருவதில்லை. இங்கு நோய் நிபாவைப் போலப் பன்றியின் மூச்சிலும் உமிழ்நீரிலும் இல்லை. கொசுவின் கொடுக்கில் இருக்கிறது.

தொற்று ஏற்படுவோரில் மிகப் பெரும்பான்மையினருக்கு அறிகுறியே தோன்றாது. உலக சுகாதார அமைப்பின் கணிப்பின்படி சுமார் 250 தொற்றுகளில் ஒன்றே கடுமையான நோயாக முற்றுகிறது. ஆனால் அவ்வாறு முற்றியவர்களில் 30 சதவீதம் பேர் வரை இறக்கக்கூடும். பிழைப்பவர்களிலும் பலர் வலிப்பு, பக்கவாதம், பேச்சிழப்பு போன்ற நிலையான ஊனத்துடன் வாழ நேரிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

இது வறிய நாடுகளின் கிராமப்புற நோய் மட்டும் அல்ல. 2022இல் ஆஸ்திரேலியாவின் நான்கு மாநிலங்களில் 80க்கும் மேற்பட்ட நவீன பன்றிப் பண்ணைகளில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. 40க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 7 பேர் உயிரிழந்தனர்.

கோரக்பூர் தரும் பாடம்

2005இல் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில், கோரக்பூரை மையமாகக் கொண்டு மூளைக்காய்ச்சல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மறு ஆண்டு முதல் பாதிப்பு மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடும் பணியை மத்திய அரசு தொடங்கியது. பின்னர் கர்நாடகத்தின் கோலாரில் பிரித்தெடுக்கப்பட்ட வைரசைக் கொண்டு, புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் உள்நாட்டுத் தடுப்பூசியும் உருவாக்கப்பட்டது.

தடுப்பூசிக்குப் பிறகு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறைந்தது. ஆனால் மூளைக்காய்ச்சல் வார்டுகள் காலியாகவில்லை. தொடர் ஆய்வுகளின் முடிவில், கோரக்பூர் குழந்தைகளிடம் காணப்பட்ட நோயின் பெரும்பகுதிக்கு ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ என்ற பாக்டீரியா தொற்று காரணம் எனத் தெரியவந்தது. புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிப்பூச்சிகள் வழியாகப் பரவும் அந்நோயை, எளிதில் கிடைக்கும் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகளைக் காலத்தே கொடுத்துக் குணப்படுத்தலாம்.

மலேசியாவில் பன்றியிடமிருந்து நேரடியாகப் பரவிய நோயைக் கொசு நோய் என்று எண்ணினர். கோரக்பூரில் பன்றிக்கும் கொசுவுக்கும் தொடர்பற்ற நோயும் அதே பெயரில் கணக்கில் சேர்ந்தது. இரு இடங்களிலும் தாமதத்தின் விலையை ஏழைத் தொழிலாளர்களும் அவர்களது குழந்தைகளுமே கொடுத்தனர்.

2009: பெயர் மட்டும் பன்றிக்குரியது

இன்ஃப்ளூயன்சா வைரசின் மரபணுத் தொகுதி எட்டுத் துண்டுகளாக உள்ளது. இரு வேறு இன்ஃப்ளூயன்சா வைரஸ்கள் ஒரே உயிரணுவுக்குள் நுழைந்தால், சீட்டுக்கட்டைக் கலைப்பது போல அத்துண்டுகள் கலந்து புதிய வைரஸ் பிறக்கலாம். பன்றியின் மூச்சுக்குழாயில் பறவை வைரசும் மனித வைரசும் பற்றிக்கொள்ளக்கூடிய இருவகை ஏற்பிகளும் உள்ளன. பன்றியைக் கலவைக் கலம் என்று அறிவியலாளர்கள் குறிப்பிடுவதன் காரணம் இதுவே.

2009இல் மெக்சிகோவில் வெளிப்பட்ட எச்1என்1 அத்தகைய கலவை. அதன் எட்டுத் துண்டுகளில் ஆறு, வட அமெரிக்கப் பன்றிகளிடையே ஏற்கெனவே சுற்றிவந்த வைரசிலிருந்து வந்தவை. அந்த வைரசிலேயே பறவை, மனிதர், பன்றி ஆகிய மூன்றின் மரபணுக்களும் கலந்திருந்தன. எஞ்சிய இரண்டும் ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளின் வைரஸ் வழியில் வந்தவை.

2009 மே மாதம் ஐதராபாத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஜூன் 11 அன்று உலக சுகாதார அமைப்பு இதைப் பெருந்தொற்றாக அறிவித்தது. ஆகஸ்ட் 3 அன்று புனேவில் பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தது நாட்டின் முதல் பலி. அடுத்த சில நாட்களில் மும்பையில் பள்ளிகளும் கல்லூரிகளும் திரையரங்குகளும் தற்காலிகமாக மூடப்பட்டன. கஸ்தூர்பா மருத்துவமனையில் பரிசோதனைக்காக மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தனர். அவ்வாண்டில் இந்தியாவில் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும், 981 பேர் இறந்ததாகவும் அரசின் கணக்கு கூறுகிறது. 2015இல் நோய் மீண்டும் தீவிரமடைந்தபோது இறப்பு 2,990ஆக உயர்ந்தது.

அந்த வைரஸ் இன்று மனிதரிடையே ஆண்டுதோறும் சுழலும் சாதாரணப் பருவகால ஃப்ளூ வைரஸ்களுள் ஒன்று. மும்பையில் மழைக்காலத்தில் ‘பன்றிக்காய்ச்சல்’ எனப் பதிவாகும் நோயாளிகளுக்கு அது வந்தது பேருந்திலோ, மின்சார ரயிலிலோ, அலுவலகத்திலோ அருகிலிருந்த மனிதரிடமிருந்து. பன்றிகளிடமிருந்து அல்ல.

பன்றிகளிடமிருந்து நேரடியாக ஃப்ளூ பரவுவதும் உண்டு. 2012இல் அமெரிக்காவின் வேளாண் கண்காட்சிகளில் பன்றிகளோடு நெருங்கிப் பழகிய 300க்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் சிறுவர்களுக்கு, பன்றியிடமிருந்து வேறொரு வகை ஃப்ளூ தொற்றியது. அது மனிதரிடையே தொடர்ந்து பரவாமல் நின்றது. அவ்வாறு பரவும் திறனைப் பெறும் நாளில்தான் பெருந்தொற்று தொடங்குகிறது.

பெயரால் வந்த இழப்பு

2009 ஏப்ரல் இறுதியில், தன் நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லாத நிலையில் எகிப்து அரசு நாட்டின் சுமார் 3 லட்சம் பன்றிகளையும் அழிக்க உத்தரவிட்டது. கெய்ரோ நகரின் குப்பையை வீடுவீடாகச் சேகரித்து, உணவுக் கழிவைப் பன்றிகளுக்குத் தீவனமாக்கி வாழ்ந்த குடும்பங்களின் வாழ்வாதாரம் ஒரே அடியில் பறிபோனது. கழிவைத் தின்னப் பன்றிகள் இல்லாததால் நகரத் தெருக்களில் குப்பை குவிந்தது. நோயோ, பயணிகள் வழியாக எகிப்தை வந்தடைந்தது.

உலக சுகாதார அமைப்பு அதே ஏப்ரல் இறுதியில் ‘ஸ்வைன் ஃப்ளூ’ என்ற பெயரைக் கைவிட்டது. ஆனால் பொதுவழக்கில் பெயர் நிலைத்துவிட்டது. இந்தியாவிலும் பன்றி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் விளிம்புநிலைக் குடும்பங்களே. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 90.6 லட்சம் பன்றிகள் இருந்தன. இது 2012ஐக் காட்டிலும் 12 சதவீதம் குறைவு. அதற்குப் பின் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வடகிழக்கு மாநிலங்களின் சிறு வளர்ப்பாளர்களை மேலும் நலிவடையச் செய்தது. மனிதருக்குத் தொற்றாத அந்நோயின் செய்தி வரும்போதெல்லாம் இறைச்சி விற்பனை சரிவது அவர்கள்மேல் விழும் இரண்டாவது அடி.

இறைச்சியால் ஆபத்து உண்டா?

முறையாக வேகவைத்த பன்றி இறைச்சியால் நிபா, இன்ஃப்ளூயன்சா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகிய மூன்றும் பரவுவதில்லை. வெப்பத்தில் இந்த வைரஸ்கள் அழிந்துவிடும்.

உணவு வழியாகப் பரவக்கூடிய பன்றி வைரசாக அறியப்படுவது ஹெபடைடிஸ் ‘இ’. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அரைவேக்காட்டுப் பன்றி ஈரலை உண்டவர்களுக்கு இந்த மஞ்சள் காமாலை வந்துள்ளது. இந்திய நிலை வேறு. இங்கு மனிதரிடம் காணப்படும் ஹெபடைடிஸ் ‘இ’ முதல் மரபணு வகையைச் சேர்ந்தது. கழிவுநீர் கலந்த குடிநீரால் பரவுவது. 1955-56இல் தில்லியில் சுமார் 29 ஆயிரம் பேரை மஞ்சள் காமாலையில் ஆழ்த்தியது அதுவே. இந்தியப் பன்றிகளிடம் காணப்படுவது நான்காவது வகை என்பதைப் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டின. ஆகவே இந்தியாவில் இந்நோய்க்குக் காரணம் தேடுவோர் பன்றித் தொட்டியை விடக் குடிநீர்க் குழாயையே முதலில் பார்க்க வேண்டியுள்ளது.

அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியைத் தவிர்க்க மற்றொரு காரணம் நாடாப்புழு. அது வைரஸ் அன்று, ஒட்டுண்ணி. அதையும் நன்கு வேகவைப்பது அழிக்கும்.

நகரத்தின் விளிம்பில்

மும்பைப் பெருநகரில் பன்றிகள் கண்ணுக்குத் தெரியாத விலங்குகள் அல்ல. செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள மாநகராட்சி இறைச்சிக்கூடத்தில் பன்றிகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. புறநகர் நாலாக்களின் ஓரங்களில் அவை திரிவதும் வழக்கமான காட்சி.

ஐரோலியை ஒட்டிச் செல்லும் தாணே கழிமுகம் ஆண்டுதோறும் பல்லாயிரம் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வந்திறங்கும் இடம். 2022இல் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. காட்டு நீர்ப்பறவைகளே இன்ஃப்ளூயன்சா ‘ஏ’ வைரஸ்களின் இயற்கை இருப்பிடம். இதனால் பறவைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஈரநிலமும் இறைச்சிக்கூடமும் நெரிசலான குடியிருப்பும் ஒரே நகரத்துக்குள் அமைந்திருக்கும்போது, பறவை, பன்றி, மனிதர் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும் என்பதே பொதுச் சுகாதாரத் துறையின் அணுகுமுறை. மனித மருத்துவம், கால்நடை மருத்துவம், சூழலியல் ஆகியவற்றை இணைக்கும் இந்த ‘ஒரே சுகாதாரம்’ அணுகுமுறைக்கான தேசிய நிறுவனத்துக்கு 2022 டிசம்பரில் நாக்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

வளர்ப்போரும் தொழிலாளரும் கவனிக்க வேண்டியவை

* பன்றிக் கொட்டகைக்கு மேலும் அருகிலும் பழமரங்கள் வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் கொட்டகைக்கு வலையும் கூரையும் அமைத்து, விழும் பழங்களைப் பன்றிகள் தின்னாமல் தடுக்க வேண்டும்.

* கொட்டகையைச் சுற்றி நீர் தேங்க விடக்கூடாது. இயன்றவரை பன்றிகளைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வளர்ப்பதும், மாலை நேரத்தில் கொசுவலையிடுவதும் நல்லது.

* நோய் பாதிப்புள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்கு அரசு வழங்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைத் தவறவிடக்கூடாது.

* இருமும், மூச்சுத் திணறும், குட்டிகளை இறந்த நிலையில் ஈனும் பன்றிகளைக் கையுறையும் முகக்கவசமும் இன்றித் தொடக்கூடாது. அவற்றை விற்கவோ வெட்டவோ கூடாது.

* காய்ச்சலும் இருமலும் உள்ளவர்கள் பன்றிகளை நெருங்கக்கூடாது. மனிதரின் ஃப்ளூ பன்றிக்கும் தொற்றும்.

* பன்றிகளோடு பழகியவருக்குக் காய்ச்சலுடன் தலைவலி, குழப்பம், வலிப்பு ஏற்பட்டால் மருத்துவரிடம் தமது தொழிலைத் தெரிவிக்க வேண்டும். நோயை அடையாளம் காண அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.

* கால்நடைகளின் நோய் குறித்து 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

இழப்பீடும் ஒரு தடுப்பு நடவடிக்கை

விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009, பட்டியலிடப்பட்ட நோய்களின் அறிகுறி தெரிந்தவுடன் தகவல் தெரிவிக்கும் கடமையை விலங்கின் உரிமையாளர்மீது சுமத்துகிறது. தகவல் தெரிவித்தால் பண்ணையில் உள்ள பன்றிகள் அனைத்தும் அழிக்கப்படலாம் என்பது வளர்ப்பாளருக்குத் தெரியும். அவற்றுக்கான பணம் எப்போது, எவ்வளவு கைக்கு வரும் என்பதே அவரது முடிவைத் தீர்மானிக்கிறது.

1998இல் பேராக்கில் நோயுற்ற பன்றிகள் அவசரமாக விற்கப்பட்டதன் பின்னணியும் இதுதான். அந்த மலிவு விற்பனையே வைரசை நெகிரி செம்பிலானுக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கொண்டு சென்றது. உரிய நேரத்தில் வழங்கப்படும் நியாயமான இழப்பீடு, பண்ணையாளருக்கு அளிக்கும் உதவி மட்டும் அன்று; நோய் மறைக்கப்படாமல் இருக்க அதுவே முதல் ஏற்பாடு. முதலில் நோயுறுவது பன்றிகளும் அவற்றைப் பராமரிக்கும் தொழிலாளர்களுமே என்பதால், எச்சரிக்கையும் அவர்களிடமிருந்தே முதலில் கிடைக்கும்.